டில்ட், ரீக்ளைன் உள்ள பவர் வீல்சேர்: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தானாகப் புரண்டு படுக்கவோ, உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றி இடுப்பைத் தூக்கவோ முடியாத ஒருவர் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால், உடம்பின் எடையில் பெரும்பகுதி இரவு வரை பிட்டத்தின் அடியில் உள்ள இரண்டு இருப்பெலும்புகள் மேலும் முதுகின் அடிப்பகுதி மேலும்தான் நிற்கும். எலும்புக்கும் குஷனுக்கும் நடுவே நசுங்கிய சதைக்கு ரத்தம் சரியாகப் போகாது. உணர்ச்சி உள்ளவருக்கு வலிக்கும், யாரையாவது கூப்பிடுவார். தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி போனவருக்கு அதுவும் தெரியாது. வேட்டியில் ஈரம் பட்ட பிறகுதான் வீட்டார் புண்ணைப் பார்ப்பார்கள். அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கைதான்.

இதைத் தடுக்கும் ஏற்பாடுகளில் முக்கியமானவை டில்ட்டும் ரீக்ளைனும். உடம்பால் செய்ய முடியாத அசைவை நாற்காலி செய்து கொடுக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்தில் பவர் வீல்சேர் வாங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது "என்ன விலை? ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எத்தனை டிகிரி சாயும்?"

படி 1: டில்ட் எது, ரீக்ளைன் எது

டில்ட் என்றால் இருக்கையும் முதுகுப் பலகையும் சேர்ந்து பின்னால் சாய்வது. இடுப்பு மடங்கிய கோணமும் முழங்கால் மடங்கிய கோணமும் மாறாது. பாதம் மேலே வரும், தலை கீழே போகும். இருக்கையில் நின்ற எடை முதுகுக்கு மாறும்.

ரீக்ளைன் என்றால் இருக்கை அசையாமல் முதுகுப் பலகை மட்டும் பின்னால் போவது, தூரப் பயணப் பேருந்தின் புஷ்பேக் சீட் மாதிரி. இடுப்பு விரியும். கால்பலகையும் தூக்கினால் ஏறக்குறைய படுத்த நிலைக்கு வந்துவிடலாம்.

ரீக்ளைனில் ஒரு சிக்கல் உண்டு. முதுகுப் பலகை திரும்பும் கீலும் மனிதரின் இடுப்பு மூட்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதனால் பலகை சாயும்போது முதுகு அதன்மேல் உரசி இழுபடும், இடுப்பு முன்னால் வழுக்கும். தோல் துணியோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். இந்த உராய்வு இழுப்பு அழுத்தத்துக்குச் சளைக்காமல் புண் உண்டாக்கும். விலை கூடிய வண்டிகளில் இதைக் குறைக்க முதுகுப் பலகையே சேர்ந்து நகரும் அமைப்பு உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், மடித்து வைக்கக்கூடிய "ரீக்ளைனிங் எலக்ட்ரிக் வீல்சேர்" பலவற்றில் அது கிடையாது. டில்ட்டும் கிடையாது. உணர்ச்சி இல்லாதவருக்கு டில்ட் இல்லாமல் ரீக்ளைன் மட்டும் உள்ள வண்டியை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

படி 2: யாருக்கு எது

கழுத்தளவில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர், தசைச்சிதைவு முற்றியவர், தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய் உள்ளவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் இரண்டும் தேவைப்படும். மூளை முடக்குவாதத்தால் தசை இறுகிய குழந்தைகளுக்கு டில்ட் ஒத்துவரும். ரீக்ளைனில் இடுப்பு விரிந்ததும் சிலருக்கு உடம்பு முழுக்க விறைத்து வெட்டி இழுக்கும். உடம்புக்கென வார்த்து எடுத்த இருக்கையில் உட்காருபவருக்கும் ரீக்ளைன் சரிப்படாது. முதுகு நகர்ந்தால் வார்ப்பு பொருந்தாமல் போய்விடும்.

ரீக்ளைனுக்கென்று தனி வேலைகள் உண்டு. நாற்காலியிலேயே சிறுநீர்க் குழாய் போட்டு எடுப்பது, டயப்பர் மாற்றுவது, மடங்கியே இருந்து இறுகும் இடுப்பை நீட்டுவது, மதியம் ஒரு தூக்கம். பகலில் உதவிக்கு ஒரே ஒரு ஆள் இருக்கும் வீட்டில் கட்டிலுக்கு மாற்றாமல் இவ்வளவையும் முடிக்க முடிவது பெரிய விஷயம்.

முடிவை மறுவாழ்வு மருத்துவரோ, தொழில்முறைச் சிகிச்சையாளரோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), பிசியோதெரபிஸ்ட்டோ உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வுத் துறை, முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கான அனுபவம் நிறைய உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அளவெடுக்கச் சொல்லலாம்.

படி 3: உடம்பை அளப்பது

அளவெடுக்கும்போது அவரைக் கட்டிலில் படுக்க வைத்து அளக்காதீர்கள். கெட்டியான பலகையில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் டேப் வைத்து அளக்க வேண்டும்.

இருக்கையின் அகலம், இடுப்பின் அகலமான இடத்தைவிட 2 அல்லது 3 செ.மீ. கூடுதல். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று பெரியதாக வாங்கினால் அவர் ஒரு பக்கமாகச் சரிவார், முதுகெலும்பு வளையும், வண்டியும் கதவில் நுழையாது. ஆழம், பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அதில் 5 செ.மீ. குறைவு. ஆழம் கூடினால் பலகை விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும், இடுப்பு முன்னால் வழுக்கும். குறைந்தால் தொடை தாங்காமல் எடையெல்லாம் இருப்பெலும்புக்கே போகும்.

டில்ட் உள்ள வண்டிக்குத் தலைத்தாங்கி கட்டாயம். சாயும்போது தலை பின்னால் தொங்கினால் கழுத்துக்கு ஆபத்து, மூச்சுக்கும் ஆபத்து. முதுகுப் பலகை தோள்பட்டை வரையாவது வர வேண்டும். இடுப்புப் பட்டையும் வேண்டும்; அது வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்புக்குக் கீழே, தொடை மடிப்பில் நிற்க வேண்டும்.

குஷனை வண்டியோடு வந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். உணர்ச்சி இல்லாதவருக்குக் காற்று அறைகள் கொண்ட குஷனோ ஜெல் குஷனோ தேவைப்படலாம். காற்றுக் குஷன் என்றால் அவர் உட்கார்ந்த பிறகு உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் குஷனுக்கு அடியில் விட்டு, இருப்பெலும்புக்கு நேரே தடவிப் பாருங்கள். எலும்புக்கும் பலகைக்கும் நடுவே சுமார் 2 செ.மீ. காற்று இருக்க வேண்டும். எலும்பு தட்டுப்பட்டால் காற்று போதாது. பந்துபோல் விம்மியிருந்தால் காற்று கூடுதல், அதுவும் கெடுதல்தான்.

படி 4: வீட்டை அளப்பது

செட்டிநாட்டு வீடுகளில் இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். டில்ட், ரீக்ளைன் உள்ள வண்டி பேட்டரியோடு 120 கிலோவிலிருந்து 180 கிலோ வரை இருக்கும். ஆளோடு சேர்த்தால் பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டிவிடும். நாலு பேர் பிடித்துப் படியேற்றிவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

முகப்பிலிருந்து தொடங்குங்கள். தெருமட்டத்திலிருந்து திண்ணை எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். ரேம்ப்புக்கான கணக்கு 1-க்கு 12. ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 75 செ.மீ. உயர முகப்புக்கு 9 மீட்டர் ரேம்ப் வேண்டும், மேலே கதவுக்கு முன்னால் 150 செ.மீ. சமதளமும் வேண்டும். தெருவோரம் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்? அதனால் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்கட்டு வாசல் தாழ்வாக, படிகள் குறைவாக இருந்தால் வண்டிக்கு அதுதான் முதல் வாசல். "அடுப்படி வழியாகவா ஐயாவைக் கூட்டிப்போவது?" என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. முகப்பில் செங்குத்தாக ஒரு ரேம்ப்பைக் கட்டி வண்டி பின்னால் கவிழ்வதைவிட அடுப்படி வழி ஆயிரம் மடங்கு மேல்.

பங்கு வீடாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் பங்காளிகளிடம் பேசிவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு, என்ன கட்டப் போகிறோம், நாளை எடுக்க வேண்டுமானால் எப்படி எடுப்போம் என்பதைச் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் இரும்பு ரேம்ப் என்றால் சம்மதம் எளிதில் கிடைக்கும், பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கும் சேதமில்லை.

அடுத்தது நிலைப்படிகள். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றையடுத்து ஒன்றாகத் தேக்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் காலைத் தூக்கி வைக்கும் படி. மகாலட்சுமி இருக்கும் இடம் என்று மிதிக்கவே கூசும் படியை அறுக்கச் சொல்ல மாட்டேன், அறுக்கத் தேவையும் இல்லை. படியின் இரண்டு பக்கமும் ஆப்பு வடிவில் மரப் பலகை செய்து வைத்தால் போதும். 7.5 செ.மீ. வரையிலான சிறிய உயரத்துக்கு 1-க்கு 8 என்ற சரிவு தாங்கும், அதாவது பக்கத்துக்கு 60 செ.மீ. நீளம். அதற்கு மேல் உயரம் என்றால் 1-க்கு 12-தான். பலகையின் மேல் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் விளிம்புக் கட்டை வேண்டும்.

கதவு முழுதாகத் திறந்த பிறகு நிலையின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே 80 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். பிரதான நிலைகளில் இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பெரும்பாலும் இருக்காது. அந்த அறைக்குள் கட்டிலைப் போட்டு வைத்துக்கொண்டு வண்டியை எப்படியாவது நுழைக்கப் பார்ப்பதைவிட, கட்டிலைப் பட்டாலை என்னும் அகலமான கூடத்துக்கோ முகப்பு ஹாலுக்கோ மாற்றுவது நல்லது. அங்கே காற்று வரும், வந்து போகிறவர்களின் முகமும் தெரியும்.

திரும்பும் இடத்தைச் சோதிக்க ஒரு வழி: 75 செ.மீ. கயிற்றின் ஒரு முனையை நடுவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் தரையில் கோலமாவில் வட்டம் போடுங்கள். அந்த 150 செ.மீ. வட்டம் தூணிலோ சுவரிலோ முட்டாமல் விழும் இடத்தில்தான் வண்டி நிம்மதியாகத் திரும்பும். வளவுத் தாழ்வாரத்தில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே இது கிடைக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சாய்க்கவும் இடம் வேண்டும். முழுதாக ரீக்ளைன் ஆன வண்டி படுத்த ஆளின் நீளத்துக்கு நீளும். பின்னால் தூணோ, பித்தளை அண்டாவோ, தவழும் குழந்தையோ இருக்கக் கூடாது.

வளவின் நடு முற்றம் பள்ளம். விளிம்பில் தடுப்பு எதுவும் இருக்காது. பின்னால் எடுக்கும்போது ஒரு சக்கரம் இறங்கினால் 200 கிலோவும் சேர்ந்து போகும். தாழ்வார விளிம்பில், தூணுக்குத் தூண் 10 செ.மீ. உயரக் கட்டையாவது குறுக்கே போடுங்கள். மற்றதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆத்தங்குடி டைல்ஸ் பளபளப்பானது. ஈரம் பட்டால் சக்கரம் வழுக்கும், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த இடத்தில் இன்னும் வழுக்கும். வண்டி ஓடும் பாதையில் எண்ணெய்த் துடைப்பை நிறுத்துங்கள். பெயர்ந்து உள்ளே வெற்றிடமான டைல்ஸைத் தட்டினால் சத்தம் வேறுபடும். அவற்றை முன்கூட்டியே சரிசெய்யாவிட்டால் எடையில் உடையும். கறுப்பு டயர் தரையில் கோடு போடும். சாம்பல் நிறத்தில், கறை படியாத டயர் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

படி 5: வண்டியின் அடிப்பாகம்

மோட்டார் சக்கரம் நடுவில் உள்ள வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். தூண்களுக்கு நடுவே ஓட்ட அதுதான் நல்லது. ஆனால் முன்னும் பின்னும் சிறு சக்கரங்கள் இருப்பதால், பள்ளம் மேடான மண் தெருவில் நடுச் சக்கரம் பிடிமானம் இழந்து சுழலக்கூடும். பின்சக்கர மோட்டார் வண்டி வெளியே நேராக, நிதானமாகப் போகும், திரும்ப அதிக இடம் கேட்கும். முன்சக்கர மோட்டார் சிறு தடைகளை நன்றாக ஏறும், ஆனால் ஓட்டப் பழக நாளாகும். நாளில் பெரும்பகுதி வீட்டுக்குள் கழிபவருக்கு நடுச்சக்கரம் என்பேன். தினமும் கடைவீதி, வயல், பள்ளிக்கூடம் என்று வெளியே போகிறவர் பின்சக்கர வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

டயரில் யோசிக்க ஒன்றும் இல்லை. சீமைக்கருவேல முள் கிடக்கும் ஊரில் காற்றடைத்த டயர் வேண்டாம், பஞ்சர் ஆகாத டயர் வாங்குங்கள். குலுக்கல் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளலாம்.

பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட் இரண்டு, சேர்த்து 24 வோல்ட். மூடிய ஈய அமில பேட்டரியை முழுதாக வற்றவிடாமல் தினமும் இரவில் சார்ஜ் போட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளுக்கு முந்தைய இரவு இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் பேட்டரி தீர்ந்தால் ஓட்டம் மட்டுமல்ல, டில்ட்டும் நின்றுவிடும்.

ஜாய்ஸ்டிக்கைக் கையால் அசைக்க முடியாதவருக்குத் தாடையால், தலையால், வாயில் வைத்த குழாயை உறிஞ்சி ஊதுவதால் இயக்கும் முறைகள் உண்டு. டில்ட் பொத்தானை அவரே இயக்கும்படி அமைப்பது, ஓட்டுவதைவிட முக்கியம். அரை மணிக்கு ஒருமுறை இன்னொருவரைக் கூப்பிட்டுச் சாய்க்கச் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிடுவார்கள்.

படி 6: பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

டில்ட் எத்தனை டிகிரி? 45-க்குக் குறைந்தால், அழுத்தம் குறைக்க வாங்குபவருக்கு அது போதாது. 50, 55 இருந்தால் நல்லது. அதிகம் சாய்ந்த நிலையில் வண்டி ஓடாதபடி தானாகத் தடுக்கும் பூட்டு இருக்கிறதா? சாய்ந்த நிலையில் மோட்டார் நின்றுவிட்டால் கையால் நிமிர்த்த வழி என்ன? இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாமல், "அப்படியெல்லாம் ஆகாதுங்க" என்று சிரிக்கிறவரிடம் வாங்காதீர்கள். பழுது பார்க்கும் ஆள் எங்கிருந்து வருவார்? மதுரையிலிருந்தா, திருச்சியிலிருந்தா, சென்னையிலிருந்தா? எத்தனை நாளில் வருவார்? பேட்டரி, சார்ஜர், கன்ட்ரோலர் ஆகியவற்றின் விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நல்ல வண்டி பழையதாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அனுப்பி வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த வண்டி வேறொருவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்கலாம். இங்கே உதிரிப்பாகம் கிடைக்காமல் போகலாம். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. சார்ஜரின் மேல் 100-240 என்று எழுதியிருக்காவிட்டால் இங்கே சொருகிய உடனே கருகும். பணத்தை அனுப்பி, சர்வீஸ் கிடைக்கும் வண்டியை இங்கேயே வாங்கச் சொல்வதுதான் பெரியவர்களுக்குச் செய்யும் உதவி.

கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து வாங்காதீர்கள். வீட்டுக்கு ஒரு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அரை நாள் உட்கார வைத்து, இறக்கியதும் தோலைப் பாருங்கள்.

டில்ட், ரீக்ளைன் இரண்டும் உள்ள வண்டி லட்சக்கணக்கில் விலை போகும். உதவி கேட்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் முதல் இடம். ஊரைப் பொறுத்துச் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அரசு தரும் பேட்டரி வண்டியில் டில்ட் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

படி 7: சாய்க்கப் பழகுவது

வாங்கியதும் பல வீடுகளில் நடப்பது, டிவி பார்க்க வசதியாகப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவது. அந்தச் சாய்வு உட்காரச் சுகம், ஆனால் இருப்பெலும்பின் அழுத்தம் அதில் அதிகம் குறையாது. 30 டிகிரிக்கு மேல் போகும்போதுதான் குறையத் தொடங்கும். 45, அதற்கு மேல் போனால்தான் சதைக்கு ரத்தம் நன்றாகத் திரும்பும்.

கண்ணால் பார்த்துக் கோணம் சொல்ல முடியாது. சாய்வு காட்டும் செயலி உள்ள செல்போனை இருக்கைச் சட்டத்தின் பக்கவாட்டில் வைத்து, 30-க்கும் 45-க்கும் வண்டியின் மேல் வண்ண டேப்பால் குறி ஒட்டிவிடுங்கள். புதிதாக வேலைக்கு வருபவருக்கும் அது புரியும்.

சாய்க்கும் வரிசை இது. முதலில் டில்ட், அது இடுப்பை இருக்கையின் பின்புறத்துக்கு ஒட்ட வைக்கும். பிறகு ரீக்ளைன். கடைசியில் கால்பலகை. கால்பலகையை முதலில் தூக்கினால் தொடையின் பின்தசை இழுத்து இடுப்பை முன்னால் கொண்டுவந்துவிடும். திரும்பும்போது காலை இறக்கி, முதுகை நிமிர்த்தி, கடைசியாக டில்ட்டை இறக்குங்கள். எல்லாம் முடிந்ததும் உதவியாளர் உள்ளங்கையை அவர் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே விட்டுச் சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டால், ஒட்டியிருந்த தோல் தளரும்.

அரை மணிக்கு ஒருமுறை, 45 டிகிரி அல்லது அதற்கு மேல், இரண்டு மூன்று நிமிடம். இதிலிருந்து தொடங்கி, தோல் சொல்வதைப் பார்த்துச் சிகிச்சையாளர் கூட்டிக் குறைப்பார். செல்போனில் அலாரம் வைக்கலாம். டிவி பார்ப்பவர் என்றால் விளம்பரம் போடும்போதெல்லாம் சாய்வது நன்றாகப் பழக்கத்தில் நிற்கும்.

உதவியாளர்தான் பொத்தானை அழுத்துகிறார் என்றால் சொல்லாமல் அழுத்தக் கூடாது. "ஆச்சி, பின்னால சாய்க்கிறேன்" என்று முன்னால் நின்று, முகம் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாய்க்க வேண்டும். பார்க்காத திசையில் உடம்பு விழுவது எவ்வளவு பயமாக இருக்கும் என்பது தானே சாய்ந்து பார்த்தவருக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து 45 டிகிரி போய்ப் பாருங்கள்.

கால் வீக்கம் இறங்க வேண்டுமானால் கால்பலகையை மட்டும் தூக்கினால் பலன் குறைவு. பாதம் நெஞ்சைவிட மேலே போக வேண்டும். அதற்கு டில்ட், ரீக்ளைன், கால்பலகை மூன்றும் சேர வேண்டும்.

ரேம்ப்பில் ஏறும்போது பின்னால் சாய்ந்திருக்கக் கூடாது, நிமிர்ந்து வாருங்கள். இறங்கும்போது முன்னால் விழாமலிருக்க லேசான டில்ட் உதவும். சாய்தளத்தின் நடுவில் நிறுத்தி முழு டில்ட் போடவே கூடாது. வண்டியைத் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரிவில் அதைத் தொடக் கூடாது, தொட்டால் பிரேக் போய்விடும்.

படி 8: தலைசுற்றலா, தலைவலியா

தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் உள்ள வீட்டில் எல்லோரும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எழுப்பி உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் முகம் வெளிறி, கண் இருட்டி, மயக்கம் வருகிறது என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது. உடனே டில்ட் போட்டுப் பின்னால் சாயுங்கள். தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.

மார்பின் ஆறாவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, பாதிப்புக்கு மேல் வியர்வை என்று வந்தால் அது நேர் எதிரானது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. பக்கவாதம் வரை போகக்கூடிய அவசரம் இது. "தலைவலிக்குது, கொஞ்சம் சாஞ்சுக்கட்டும்" என்று சாய்த்துவிடாதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், பட்டையையும் இறுக்கமான துணியையும் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிறைந்த சிறுநீர்ப்பைதான் காரணமாக இருக்கும், அடுத்தது மலச்சிக்கல். ரத்த அழுத்தக் கருவியை வீட்டில் வைத்திருங்கள். இவர்களின் வழக்கமான அழுத்தமே குறைவு என்பதால், மேல் எண் வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே எச்சரிக்கைதான். காரணத்தைச் சரிசெய்தும் இறங்காவிட்டால் உடனே 108. ஆஸ்பத்திரியிலும் இவர் தண்டுவட நோயாளி என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவரைச் சாய்க்கும் முன் குழாயின் நீளம் போதுமா, பை எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ரீக்ளைன் குழாயை இழுத்துவிடும். சாயும்போது பை மேலே போனால் சிறுநீர் உள்ளேயே திரும்பும்.

படி 9: துணி, சாப்பாடு, வெயில், தோல்

வேட்டி மடிப்பு, சேலைக் கொசுவம், நைட்டியின் சுருக்கம், பின்பாக்கெட் வைத்த பேன்ட் எல்லாம் பிட்டத்தின் கீழ் மேடாக நின்று அழுத்தும். உட்கார வைத்ததும் அடியில் கைவிட்டுத் துணியை இழுத்துச் சமப்படுத்துங்கள். குஷன் அழுக்காகக் கூடாது என்று மேலே நாலாக மடித்த பெட்ஷீட்டோ ரப்பர் ஷீட்டோ போடுவது குஷன் வாங்கிய காசைத் தண்ணீரில் போடுவதுதான். குஷனோடு வந்த உறையை மட்டும் போடுங்கள், துவைத்து மாற்ற இன்னொரு உறை வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பிடும்போது நிமிர்ந்திருக்க வேண்டும். சாய்ந்த நிலையில் ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போகும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது ரீக்ளைன் வேண்டாம். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு எந்தக் கோணம் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டு அதையே பின்பற்றுங்கள்.

மேல்தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு உடம்பில் பெரும்பகுதி வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கும். சித்திரை வெயிலில் வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டு, பிறகு அதே வண்டியில் உட்கார வைக்காதீர்கள். சூடேறிய ரெக்சினும் இரும்பும் உணர்ச்சி இல்லாத தோலைச் சுட்டுவிடும். வெளியே போகும்போது தண்ணீர் தெளிக்கும் குப்பியும் ஈரத்துண்டும் கூடவே இருக்கட்டும்.

காலையும் இரவும் இருப்பெலும்பு, முதுகின் அடி, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். புத்தகங்களில் "சிவந்தால்" என்று எழுதியிருக்கும். நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள நிறத்தைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ தெரிவது, தொட்டால் சூடு, கல்போல் கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருப்பது, இவைதான் அடையாளம். எடையை எடுத்து அரை மணி நேரமாகியும் அந்த மாற்றம் போகாவிட்டால் அன்று நாற்காலி வேண்டாம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, எண்ணெய் போட்டு நீவவும் கூடாது. தினமும் ஒரே வெளிச்சத்தில் செல்போனில் படமெடுத்து வைத்தால் மாற்றம் புலப்படும், மருத்துவரிடமும் காட்டலாம்.

படி 10: வண்டியைப் பார்த்துக்கொள்வது

வாரம் ஒருமுறை சிறு சக்கரங்களின் அச்சில் சுற்றிய தலைமுடி, நூல், வாழைநார் ஆகியவற்றை எடுங்கள். செம்மண் புழுதியை உலர்ந்த துணியால் துடைக்கலாம், ஹோஸ் வைத்துக் கழுவக் கூடாது. மழையில் ஜாய்ஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். மாதம் ஒருமுறை தலைத்தாங்கி, கைப்பிடி, கால்பலகை ஆகியவற்றின் திருகுகளை இறுக்குங்கள். டில்ட்டை முழுதாக ஏற்றி இறக்கி, வழக்கமில்லாத சத்தம் வந்தால் அன்றே போன் செய்யுங்கள்.

பழைய தள்ளு நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வண்டி பழுதாகும் நாளுக்கும், காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கும் அது வேண்டும். ஆனால் அதில் டில்ட் இல்லை. அதில் உட்காரும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் பின்னால் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து, நாற்காலியைத் தன் மடிமேல் சாய்த்து இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடம்பைத் திரும்ப அளந்து பாருங்கள். தசைச்சிதைவு உள்ளவர் மெலிவார், முதுகு வளையும், குழந்தை வளரும். பக்கத்தில் மூன்று விரலுக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், சாய்ந்து எழுந்ததும் தலை தலைத்தாங்கிக்குக் கீழே இறங்கி நின்றாலும் பொருத்தம் மாறிவிட்டது என்று அர்த்தம். வண்டியை மாற்ற வேண்டியதில்லை. சிகிச்சையாளரும் சர்வீஸ் ஆளும் ஒரே நாளில் வரும்படி ஏற்பாடு செய்து, பக்கத் தாங்கியையும் தலைத்தாங்கியையும் இருக்கையின் ஆழத்தையும் மாற்றி அமைக்கச் சொல்லுங்கள்.